பழைய கேமுக்குப் போட்ட நீலம்

எங்கூட்டுக்கு வர்ற ஒறம்பரைச் சொந்தத்துக்கெல்லாம் ஒரே விசனம். அம்பது தாண்டுன பொம்பள, மகளைக் கட்டிக்குடுத்து அனுப்பிச்ச பொம்பள, கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து குதிரை ஓட்டறாளேன்னு. காப்பி டம்ளரைக் கீழ வெக்கறதுக்குள்ள கேட்டுப்போடுவாங்க: "ஏனுங்க, இன்னும் அந்த வெளையாட்டை உடலீங்களா?" உடலீங்க. நீங்க பொழுதுக்கும் டீவியில வர்ற மாமியாகாரிக்காக மூக்கைச் சிந்தறீங்களே, நான் எப்பவாச்சும் கேட்டனா? அவிங்கவிங்களுக்கு அவிங்கவிங்க கிறுக்கு. என் கிறுக்குல ஒரு குதிரை இருக்குது, அவ்வளவுதான்.

அந்த கேமை வாங்குனது என் மகள். பீளமேட்டுல காலேஜ் படிச்சப்ப வாங்குனா, ஒரு மாசம் ஆடுனா, சலிச்சுப்போச்சுன்னு உட்டுட்டா. ஒரு நாள் அவ ரூமைக் கூட்டப் போனவ நான் உக்காந்துட்டேன். கேமுக்குள்ள ஒரு பெரிய நாடு. மலை, ஏரி, பொட்டல், பனி, சின்னச் சின்ன ஊருங்க. எந்தப் பக்கம் வேணும்னாலும் போகலாம், ஏன் போறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இதுல கதைன்னு ஒண்ணு இருக்குது, ஏதோ ராஜாவைக் காப்பாத்தணுமாம். இன்னைவரைக்கும் நான் அந்த ராஜா பக்கம் போகல. அவரு சௌரியமா இருக்கட்டும். எனக்குக் குதிரை இருக்குது, ஏரிக்கரையில ஒரு ஓட்டு வீடு இருக்குது, பனிமலை மேல ஏறி நின்னா பொழுது கெளம்பறது தெரியும். மகள் கட்டிக்கிட்டு பெங்களூர் போயிட்டா. கம்ப்யூட்டரும் கேமும் என்கிட்டயே தங்கிப்போச்சு.

என் சோலி என்னன்னா, அவிநாசிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில ஷேடு பாக்கறது. துணி வாங்கற கம்பெனிக்காரங்க எங்களுக்கு இந்தக் கலர்தான் வேணும்னு ஒரு துண்டுத் துணி அனுப்புவாங்க. அதுக்குப் பேரு ஸ்டாண்டர்டு. நாங்க சாயம் போட்ட துணியை அது பக்கத்துல வெச்சு, ஒரு லைட்டுப் பொட்டிக்குள்ள பாக்கணும். பொட்டியில மூணு வெளிச்சம் உண்டு: பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு மஞ்ச பல்பு. மூணுலயும் ரெண்டு துணியும் ஒண்ணாட்டம் தெரியணும். தெரிஞ்சா பாஸ். இல்லீன்னா ஃபெயில், திருப்பிச் சாயத்துக்குப் போகும். அந்த ஒரு வார்த்தைக்காக லாரியே வாசல்ல நிக்கும். மெசினும் இருக்குது, கலரை நம்பராச் சொல்லும். ஆனாலும் கடைசியில, "அக்கா என்ன சொல்றாங்க?"ன்னுதான் கேப்பாங்க. இருபது வருசத்துக்கு மேல அந்த நாற்காலி என்னோடது. படிப்புல நான் சுமார். சமையல் அதுக்கும் சுமார். என் கண்ணு மட்டும்தான் நான் தலையை நிமுத்திக்கறதுக்கு இருந்த ஒரே சொத்து.

ஷேடு பாக்கறவங்களுக்கு வருசா வருசம் ஒரு டெஸ்ட் உண்டு. ஒரு தட்டுல சின்னச் சின்ன மூடியாட்டம் கலர் வில்லைங்க இருக்கும், அடியில நம்பர் போட்டுக் கலைச்சு வெச்சிருப்பாங்க. ஒரு கலர்ல இருந்து அடுத்த கலருக்குக் கொஞ்சங்கொஞ்சமா மாறிப் போற மாதிரி வரிசையா அடுக்கணும். எனக்கு அது பூ கட்டற மாதிரி. பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பழம பேசிக்கிட்டே அடுக்குவேன்.

போன வருசம் அடுக்கி முடிச்சுட்டுக் கெளம்பப் பாத்தேன். லேப் இன்சார்ஜ் தம்பி, என் மகள் வயசுதான் இருக்கும், தட்டைத் திருப்பிப் பாத்துட்டு உக்காந்தே இருந்தாப்ல. "அக்கா, செவப்பு, ஆரஞ்சு எல்லாம் சுத்தமா இருக்குதுங்க. நீலத்துலயும் நீலம் பச்சைக்கு நடுவுலயும் கொஞ்சம் தடுமாறியிருக்குதுங்கக்கா."

"யாரு, நானா?"

"கண்ணைச் சித்தெ காட்டிட்டு வந்துருங்க. அதுவரைக்கும் சாம்பிள் வெட்டற மேசையில இருங்க, பொட்டியில வேண்டாம்."

மரியாதையாத்தான் சொன்னாப்ல. மரியாதையாச் சொன்னா வலிக்காதா? எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. "கண்ணு, உங்க பொட்டியில டியூப் எப்ப மாத்துனீங்க? வெளிச்சமே மஞ்சளடிக்குது. அதை மாத்திப்போட்டு அப்பறம் என் கண்ணைக் கொறை சொல்லுங்க"ன்னு எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டு வந்தேன். நல்ல புள்ள, உண்மையாலுமே டியூப்பை மாத்திட்டு, "அக்கா, இப்ப அடுக்கிப் பாருங்க"ன்னு கூப்பிட்டாப்ல. நான் போகல. சோலி இருக்குதுன்னேன். சாம்பிள் மேசையில கத்திரிக்கோலைப் புடிச்சு நின்னுக்கிட்டு எனக்கென்ன சோலி. பயம்தான். மறுபடியும் தோத்துட்டா டியூப்புன்னு சொல்ல முடியாது பாருங்க.

அந்தச் சமயத்துலதான் கேமும் எனக்குப் புடிக்காமப் போச்சு. பனிமலை அழுக்கா இருந்துது. ஏரித்தண்ணி டீத்தண்ணியாட்டம். பழைய கேமு, பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, எத்தனை காலத்துக்குப் புதுசா இருக்கும்னு நெனச்சேன். இதுக்கு மருந்து மோட். கேமைப் பண்ணுன கம்பெனி போட்டதுக்கு மேல, ஆடறவங்களே ஆளுக்கொண்ணாப் பண்ணி சும்மா குடுக்கற ஒட்டுவேலை அது. புல்லை மாத்தறதுக்கு ஒண்ணு, வானத்தை மாத்தறதுக்கு ஒண்ணு, மொத்தக் கலரையும் மாத்தறதுக்கு ஒண்ணு. இணையத்துல மலையாட்டம் குமிஞ்சு கெடக்குது.

எனக்குள்ள ஒரு வீம்பு வந்துருச்சு. இந்தக் கேமை என் கண்ணாலயே சுத்தம் பண்ணுவேன், மெசின் இல்லாம, யார் தயவும் இல்லாம. பண்ணி அதே எடத்துல ஊரு ஒலகத்துக்கே போட்டுக்காட்டுவேன். நல்லா இருக்குதுன்னு நாலு பேரு சொல்லட்டும். அப்பறம் போய் அந்தத் தட்டை அடுக்கறேன், என் நாற்காலியில உக்காரறேன். டெஸ்டுக்கு முன்னால எனக்கு நானே வெச்சுக்கிட்ட டெஸ்ட் இது.

மொதல்ல எல்லாரும் ஆகா ஓகோன்னு சொல்ற மோட் எல்லாத்தையும் எறக்கிப் பாத்தேன். கண்றாவி. புல்லு மோட்னு ஒண்ணு, பொட்டல் பூராவும் இடுப்பு ஒயரத்துக்குப் பச்சைப்பசேல்னு மொளைச்சுருச்சு, குதிரைக்குக் காலே இல்ல. காங்கேயத்துப் பக்கம் பங்குனி சித்திரையில பஸ்ஸுல போயிருக்கறவங்களுக்குத் தெரியும், காஞ்ச புல்லுக்குன்னு ஒரு கலர் உண்டு, வைக்கோலுக்கும் மண்ணுக்கும் நடுவுல. கேம்காரன் அதைச் சரியா வெச்சிருந்தான். அதுமேல பச்சையைக் கொட்டி அழகுங்கறாங்க. வறண்ட பூமின்னா இவிங்களுக்கு என்ன எளக்காரம்! தூக்கி எறிஞ்சேன். அடுத்தது ரோடு. தெருவெல்லாம் இப்பத்தான் மழை பேஞ்ச மாதிரி மினுமினுன்னு. வெயில்லயும் அதே மினுமினுப்பு. அதுவும் போ. ஊர்ச்சனத்துக்கு மூஞ்சி மாத்தற மோட்ல, கொல்லுப்பட்டறை வெச்சிருந்த கெழவி கண்ணாலப் பொண்ணாட்டம் மேடைக்குக் கெளம்பி நிக்கற மாதிரி ஆயிட்டா. பாவம், அவளை உடனே பழையபடி ஆக்கிட்டேன்.

கம்ப்யூட்டர்ல படம் காட்டற கிராபிக்ஸ் கார்டு வேற கெழடு. தலைக்கு மேல ஏத்துனா கேமு ஒண்டிப்புதூர் டவுன் பஸ்ஸாட்டம் நின்னு நின்னு போகும். விரலுக்குத் தக்க வீக்கம்தான் வேணும். அதனால கல்லு, மரம், ஓடு இதுகளைத் தெளிவாக்கற ஒரு மோட், மேகத்துக்கு ஒரு மோட், ரெண்டோட நிறுத்திக்கிட்டேன். மொத்தக் கலர் வெக்கறதுக்கு மட்டும் யாரையும் நம்பல. அதுக்கு ஒரு சின்ன மென்பொருள் இருக்குது, செவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனியாத் தள்ளலாம், இழுக்கலாம். அது என் கை.

பட்டறையில செய்யற மாதிரியே செஞ்சேன். ஞாயித்துக்கெழமை காலையில வடக்கு ஜன்னலைத் தொறந்து வெப்பேன். அந்த வெளிச்சம்தான் ஆடாம அசையாம ஒரே மாதிரி இருக்கும். ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்துவேன். ரெண்டைச் சேத்து மாத்துனா எது கெடுத்துதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? மாத்திட்டு எந்திரிச்சு ஊட்டுக்குப் பின்னால போய்ப் பொடக்காளியில கருவேப்பிலைச் செடியைப் பாத்துட்டு வந்து மறுபடி பாப்பேன், கண்ணு பழகிப்போயிரக்கூடாதுன்னு. எல்லாத்துக்கும் மேல, ஸ்டாண்டர்டு வேணும். வெள்ளை சரியா இருந்தா மத்த கலரெல்லாம் தானா வந்துரும். பேப்பரை நம்ப முடியாது, ஒவ்வொரு கட்டுக்கும் ஒவ்வொரு வெள்ளை. அதனால எங்கூட்டுக்காரரோட வேட்டியை எடுத்து மானிட்டர் பக்கத்துல தொங்க உட்டேன்.

அவருக்கு லேத் பட்டறை. நாள் பூரா காக்கியும் கிரீசும்தான். அதனாலயே ஒரு விசேசம்னா வெள்ளை வேட்டிதான் கட்டுவார், வேட்டி சும்மா பளிச்சுன்னு இருக்கணும். கஞ்சி போடறதும் சொட்டு நீலம் போடறதும் என் கையாலதான், வாசிங் மெசினை நம்பி உட்டதில்ல. என் கையால வெளுத்த வேட்டியை விட வெள்ளையான ஸ்டாண்டர்டு இந்தக் கோயமுத்தூர்ல எங்க இருக்குது?

வேட்டியும் பனிமலையும் ஒண்ணாத் தெரியற வரைக்கும் தள்ளித் தள்ளி வெச்சேன். ஏகப்பட்ட ஞாயித்துக்கெழமை போச்சு. ஒரு நாள் சரியா உக்காந்துது. அம்மாடி, பனி பனியாட்டம் இருந்துது! நான் மொதமொதல்ல அந்த மலையேறுனப்ப எப்படி இருந்துதோ அப்படியே. உக்காந்த எடத்துலயே கையைத் தட்டுனேன்.

நல்ல பேரா ஒண்ணு வெச்சு, மோட் போடற எடத்துல அதையும் போட்டேன். இது சுத்தமான கண்ணால பாத்து வெச்ச கலர்னு தெனாவெட்டா ஒரு வரியும் எழுதுனேன், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல.

மறுநாள் வந்துது வெனை. ஒருத்தன், "நீலம் ரொம்ப அதிகம்"னு எழுதியிருந்தான். இன்னொருத்தன், பனிக்கட்டிக்குள்ள உக்காந்து பாக்கற மாதிரி இருக்குதாம். மூணாவது ஒருத்தி, உங்க மானிட்டர் பழுதான்னு அக்கறையா விசாரிச்சிருந்தா. நான் உடுவனா? ஒவ்வொருத்தருக்கும் பதில் போட்டேன். பச்சைப்புல்லையும் செக்கச்செவேல்னு அஸ்தமனத்தையும் போட்டுப்போட்டு உங்க கண்ணு கெட்டுப்போச்சு, மொதல்ல உங்க மானிட்டரைப் பாருங்க, எனக்கு இது தொழில். எழுத எழுத ஆத்திரம் ஏறுச்சே ஒழிய எறங்கல. ஊரே சேர்ந்து என்னைச் சாம்பிள் மேசைக்கு அனுப்பற மாதிரி இருந்துது.

அடுத்த ஞாயித்துக்கெழமை, குளிச்சுட்டு வந்த எங்கூட்டுக்காரரைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். "ஏனுங்க, இங்க வந்து நில்லுங்க. இந்தப் பனியைப் பாருங்க, உங்க வேட்டியைப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இல்லியா? வாயைத் தொறந்து சொல்லுங்க."

பாத்தார். "ஒண்ணாத்தான் இருக்குது."

"அப்படிச் சொல்லுங்க! ஊரு பூரா நீலம் நீலம்ங்குது."

அவர் துண்டால காதைத் தொடைச்சார். தொடைச்ச காதையே மறுபடியும் தொடைச்சார். முப்பது வருசம் ஆகப்போகுது, எனக்குத் தெரியாதா, வாய்க்குள்ள எதையோ அடக்கி வெச்சிருக்கார்னு. "என்னங்க?"ன்னேன்.

"ஏம்புள்ள, கோவிச்சுக்காத. ரெண்டும் நீலம்தான்."

பீரோவைத் தொறந்து, கவர் பிரிக்காத புது வேட்டி ஒண்ணை எடுத்துப் பிரிச்சு, பழைய வேட்டி பக்கத்துல போட்டார். எனக்கு அந்தப் புது வேட்டி பழுப்பா, மட்டமாத் தெரிஞ்சுது. "இது பழைய ஸ்டாக்குங்க. இதுக்குத்தான் அந்தக் கடைக்காரன்கூட நான் சண்டை போட்டேன்"னேன். "இல்ல புள்ள. கடையில இருக்கறதெல்லாம் இந்த வெள்ளைதான். நம்மூட்டு வேட்டி மட்டும்தான் ஒரு வருசமா இப்படி. நீ நீலத்தைச் சாஸ்தி ஊத்தற."

ஒரு வருசமா. எனக்குக் கணக்கு ஓடுச்சு. அந்த ஒரு வருசத்துலதான் காங்கேயத்துல அவரோட அக்கா மகள் கண்ணாலம். தேங்காய் எண்ணெய் மில்லு வெச்சிருக்கற குடும்பம், சனம்னா அப்படி ஒரு சனம். இவருதான் தாய்மாமன். மாமன் சீரு வெச்சு, மணமேடையில முன்வரிசையில நிக்கணும். நான் வெளுத்துக் குடுத்த வேட்டியைக் கட்டிக்கிட்டுத்தான் நின்னார்.

"அங்க யாரும் ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொன்னாங்க. மாப்ள, பொண்டாட்டியோட சாயத்தொட்டியில உழுந்து எந்திரிச்சு வந்தீங்களான்னாங்க. சாயப்பட்டறைக்காரி புருசன்னு நாலு பேருத்துக்குத் தெரிய வேண்டாமான்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாங்க."

"என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? சொன்னா, டெஸ்டுல நீ தோத்தது நெசம்னு ஆயிரும்ல."

கதைன்னா இந்த எடத்துல நான் உருகி அழுதுருக்கணும். எனக்கு வந்தது கோவம். வாயில வந்தபடி கத்துனேன். என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க, ஊருக்கு முன்னால நீலவேட்டியைக் கட்டிக்கிட்டு நின்னு எனக்குப் பரிஞ்சு பேசச்சொல்லி நான் கேட்டனா, மொத நாளே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நான் எப்பவோ ஆசுபத்திரிக்குப் போயிருப்பேன். போயிருக்க மாட்டேன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். அவரு புது வேட்டியை மடிச்சுக்கிட்டே எல்லாத்தையும் வாங்கிக்கிட்டார். எனக்குன்னா ஸ்டாண்டர்டே தப்பாப்போச்சே, இனி பாஸ் என்ன ஃபெயில் என்னன்னு ஆயிருச்சு. கண்ணை நம்பித் துணியைப் பாத்தேன், அதே கண்ணை நம்பி வெள்ளையை முடிவு பண்ணுனேன். கள்ளனையே காவலுக்கு வெச்ச மாதிரிதான். அன்னைக்கு மத்தியானம் சோறு உண்காமயே படுத்துட்டேன்.

மறுநாள் நானே கண்ணாசுபத்திரிக்குக் கெளம்பிட்டேன். அவர் கூட வாரேன்னார். வேண்டாம்னேன். ஆனாலும் வந்தார், பஸ்ஸுல பின்னாடி சீட்டுல உக்காந்துக்கிட்டு.

டாக்டரம்மா லைட்டை அடிச்சுப் பாத்துட்டு, ரெண்டு கண்ணுலயும் புரைன்னாங்க. உங்களாட்டம் சர்க்கரை இருக்கறவங்களுக்குச் சீக்கிரமே வரும், உங்களுக்கு வெள்ளையா மறைக்காம மஞ்சளாப் படிஞ்சிருக்குது, கொஞ்சங்கொஞ்சமா வந்ததால உங்களுக்கே தெரியலன்னாங்க. மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒலகத்தைப் பாத்துட்டு இருந்திருக்கேன், கண்ணாடி உள்ள இருந்துது, அவ்வளவுதான். ஆபரேஷன் பண்ணிப் புது லென்ஸ் வெக்கணும், சுத்தமாத் தெரியற லென்ஸும் இருக்குது, வெயில் கூசாம லேசா மஞ்சள் கலந்த லென்ஸும் இருக்குதுன்னு சொன்னாங்க. சொல்லி வாயை மூடல, "மஞ்சள் மட்டும், சாமி சத்தியமா, வேண்டாமுங்க. வெயில் கூசுனா கூசட்டும்"னேன். டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல. இத்தனை மோட் பாத்து வேண்டாம்னு தூக்கிப்போட்டவ, கண்ணுக்குள்ளயே ஒரு மோட் போட உடுவனா?

மொதல்ல வலது கண்ணு. கட்டுப் பிரிச்சப்ப செவுரு வெள்ளையா இருந்துது. நர்சம்மா போட்டிருந்த சட்டை, நான் சாம்பல்னு நெனச்சது, நல்ல ஊதா. எங்கூட்டுக்காரர் வாசல்ல நின்னார், அவரு கட்டியிருந்த வேட்டியைப் பாத்தேன். அய்யோ சாமி! காக்கா முட்டை கூட அதை விட வெளுப்பா இருக்கும். இதைக் கட்டிக்கிட்டுத்தானா மாமன் சீரு வெச்சார்னு அப்பத்தான் எனக்கு அழுகை வந்துது. கண்ணுல தண்ணி வரக்கூடாதுன்னு நர்சம்மா சத்தம் போட்டாங்க.

கம்ப்யூட்டர் பாக்கலாம்னு சொன்ன அன்னைக்கே உக்காந்தேன். என் நீலத்தோட கேமைத் தொறந்தேன். இடது கண்ணை மூடி, புதுக் கண்ணால பாத்தா, மலையும் குதிரையும் பூரா மைக்கூட்டுல முக்கி எடுத்த மாதிரி. அவிங்க எழுதுனது தப்பே இல்ல. வலதை மூடி, பழைய இடது கண்ணால பாத்தா, அப்பழுக்கில்லாத வெள்ளைப் பனி. மாத்தி மாத்தி மூடிப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பறம் ஒண்ணு தோணுச்சு. மோட் எல்லாத்தையும் கழட்டிட்டு, கம்பெனிக்காரன் குடுத்த கேமை மொட்டையா ஓட்டிப் புதுக் கண்ணால பாத்தேன். பனி வெள்ளையா இருந்துது. ஏரித்தண்ணி தெளிவா இருந்துது. அந்தக் கேமுக்கு ஒண்ணுமே ஆகல. என்னைக்கும் எதுவும் ஆகல. வயசானது அதுக்கில்ல.

இடது கண்ணும் முடிஞ்சப்பறம் நானாப் போய் லேப் தம்பிகிட்ட, "தட்டை எடுங்க கண்ணு"ன்னேன். அடுக்குனேன். இந்தத் தடவை பழம பேசல. தம்பி திருப்பிப் பாத்துட்டு, எந்திரிச்சுப் பொட்டியோட லைட்டைப் போட்டு, நாற்காலியை இழுத்து வெச்சாப்ல. "டியூப் புதுசுதானுங்கக்கா"ன்னு ஒரு குத்து வேற. வாங்கிக்கிட்டேன்.

அப்பறம் பாக்கி ஒரு வேலை இருந்துது, அந்த மோட். மானம் போகுதேன்னு சத்தமில்லாம அழிச்சுப்போட்டுப் போயிருக்கலாம். நான் ஏன் ஒளியணும்? "இது கண்ணுல புரை இருந்தப்ப வெச்ச கலர். நீங்க சொன்னது சரி, நான் உங்களைப் பேசுனது தப்பு. இந்த வாரக் கடைசியில எடுத்துருவேன்"னு எழுதிப் போட்டேன்.

அதுக்குக் கீழ ஒருத்தன் எழுதியிருந்தான். எந்த ஊரோ, எந்த நாடோ. அவனும் அவனோட அப்பாவும் அந்தக் கேமை வந்த நாள்ல இருந்து ஒண்ணா உக்காந்து ஆடறவங்களாம். அப்பாவுக்குப் புரையாம், ஒடம்புல வேற கோளாறு இருக்கறதால ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்களாம். எந்த மோட் போட்டாலும், எல்லாம் மஞ்சளா இருக்குதுன்னு எந்திரிச்சுப் போயிருவாராம். "உங்க கலரைப் போட்ட அன்னைக்கு, இப்பத்தான் பனி வெள்ளையா இருக்குதுன்னு சொன்னார். பொழுதுக்கும் உக்காந்திருந்தார். தயவுசெஞ்சு எடுத்துராதீங்க."

நான் அதை எத்தனை தடவை படிச்சேன்னு தெரியல. அந்த மனுசனோட கண்ணும் என் பழைய கண்ணும் ஒண்ணு. அந்தக் கண்ணுக்கு எவ்வளவு நீலம் வேணுமோ, கூடாம குறையாம, அவ்வளவு நீலத்தைத்தான் நான் வெச்சிருந்தேன். தட்டுல தோத்தேன், ஊரு சிரிச்சுது, எல்லாம் நெசம். ஆனா ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமையா வடக்கு ஜன்னல் பக்கத்துல உக்காந்து நான் பாத்த வேலை சுத்தமான வேலை. இதை எவன் முன்னாலயும் சொல்லுவேன்.

மோட் எடுக்கல. தலைப்பை மட்டும் மாத்துனேன்: புரை விழுந்த கண்ணுக்கு.

இப்பவும் மாசத்துக்கு ஒருத்தன் தலைப்பைக்கூடப் படிக்காம எறக்கிப் போட்டுப் பாத்துட்டு வந்து, நீலம் ரொம்ப அதிகம்னு எழுதறான். முன்னாட்டம் நான் சண்டை போடறதில்ல. ஒரே ஒரு வரிதான் பதில் போடறேன்.

இது உங்களுக்கில்லீங்க.